பாடாமல் நின்ற மூன்று பிள்ளைகள்: 1985-86 தேசிய கீத வழக்கு பற்றிய நிகழ்வு ஆய்வு

பள்ளியின் காலைக் கூட்டத்தில் தேசிய கீதத்தின்போது எழுந்து நின்றும் வாய்திறந்து பாடாததற்காக, கேரளத்தில் மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். 381 நாள் கழித்து உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ளச் சொன்னது. ஆசிரியர்களோடும் பெற்றோர்களோடும் அடிப்படை உரிமைகளைப் பற்றிப் பேச வாய்க்கும்போதெல்லாம் நான் இந்த வழக்கைத்தான் முதலில் எடுப்பேன். அரசமைப்புச் சட்டம் என்றதும் நாடாளுமன்றமும் ஆளுநரும் நினைவுக்கு வருகிற நமக்கு, அது ஒரு பள்ளி முற்றத்தில் எப்படி வேலை செய்கிறது, எப்படி வேலை செய்யாமல் போகிறது என்று காட்ட இதைவிடப் பொருத்தமான நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை.

வழக்கு அந்தப் பிள்ளைகளின் பெயரிலேயே அறியப்படுகிறது. ஆனாலும் அவர்கள் அன்று சிறுவர்கள். இங்கே அவர்கள் பெயரும் ஊரும் வேண்டாம். (கீழே "உறுப்பு" என்று வருவது அரசமைப்புச் சட்டத்தின் உறுப்பு, "பிரிவு" என்று வருவது மற்றச் சட்டங்களின் பிரிவு.)

பின்னணி

ஓர் அண்ணன், இரண்டு தங்கைகள். 10, 9, 5-ஆம் வகுப்புகளில் ஒரே பள்ளியில் படித்தார்கள். குடும்பம் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தது. தங்கள் கடவுளிடம் செய்யும் ஜெபத்தைத் தவிர வேறு எந்தச் சடங்கிலும் சேரக் கூடாது என்பது அவர்களின் நம்பிக்கை. தேசிய கீதம் பாடுவதும் அப்படியொரு சடங்கு என்று அவர்கள் கருதினார்கள். "ஜன கண மன" பாட்டின் சொற்களிலோ கருத்திலோ அவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை. எந்த நாட்டில் இருந்தாலும் அந்த நாட்டின் கீதத்தை இந்தப் பிரிவினர் பாடுவதில்லை.

தினமும் காலைக் கூட்டத்தில் மற்ற மாணவர்களோடு வரிசையில் நிற்பார்கள். கீதம் தொடங்கியதும் மரியாதையாக, அசையாமல் நிற்பார்கள். பாட மாட்டார்கள். இவர்களுக்கு முன்பு இதே பள்ளியில் படித்த இவர்களுடைய அக்காமாரும் இப்படித்தான் நின்றார்கள். பல ஆண்டுகள் இப்படியே போயிற்று. ஆசிரியர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யாருக்கும் அது அவமதிப்பாகத் தோன்றவில்லை.

சிக்கலைத் தீர்க்கத் தெரியாமல் அந்தப் பள்ளி தவித்துக்கொண்டிருந்தது என்று சிலர் எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அங்கே சிக்கலே இருக்கவில்லை. ஒரு பள்ளிக்கூடம் தன் இயல்பான நிதானத்தால் ஏற்கெனவே கண்டுவைத்திருந்த வழிதான் பின்னால் கலைக்கப்பட்டது.

1985 ஜூலை: நடந்தது

அந்த மாதம் ஒரு சட்டமன்ற உறுப்பினர் இந்தப் பிள்ளைகள் பாடுவதில்லை என்பதைக் கவனித்தார். தேசப்பற்று இல்லாத செயலாக அது அவருக்குப் பட்டது. சட்டமன்றத்தில் கேள்வி எழுப்பினார். விசாரணைக்குக் குழு அமைக்கப்பட்டது. பிள்ளைகள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடப்பவர்கள், தேசிய கீதத்துக்கு எந்த அவமரியாதையும் செய்யவில்லை என்று குழு சொன்னதாகப் பின்னால் உச்ச நீதிமன்றத்திடம் தெரிவிக்கப்பட்டது.

விசாரணையின் முடிவு பிள்ளைகளுக்குச் சாதகமாக இருந்தும் அவர்கள் வெளியே போக நேர்ந்தது. பள்ளித் துணை ஆய்வாளர் அறிவுறுத்தினார். தலைமையாசிரியை 1985 ஜூலை 26 முதல் மூவரையும் பள்ளியிலிருந்து நீக்கினார். கல்வியாண்டு தொடங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அரசின் முடிவு வரும்வரையாவது பிள்ளைகளை வகுப்பில் உட்கார அனுமதியுங்கள் என்று தந்தை கேட்டார். தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

அந்தத் தலைமையாசிரியையைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வரவில்லை. மேலிருந்து வந்த சொல்லுக்குப் பணிந்த எத்தனையோ அலுவலர்களில் அவரும் ஒருவர். ஆனால் நடந்ததை உற்றுப் பாருங்கள். சட்டமன்ற உறுப்பினர் கேள்விதான் கேட்டார். துணை ஆய்வாளர் அறிவுறுத்தத்தான் செய்தார். தலைமையாசிரியை சொன்னதைத்தான் செய்தார். ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்தும் முடிவை, எந்தச் சட்டத்தின் எந்த விதியின்கீழ் எடுக்கிறோம் என்று யாரும் தாளில் எழுதிப் பார்த்ததற்கு அடையாளமே இல்லை. எழுதிப் பார்த்திருந்தால் அங்கேயே கை நின்றிருக்கும்.

அன்று கையில் இருந்தவை

அரசுத் தரப்பு பின்னால் நீதிமன்றத்தில் காட்டியவை முக்கியமாக இரண்டு சுற்றறிக்கைகள். கேரளப் பொதுக் கல்வி இயக்குநர் 1961-இலும் 1970-இலும் அனுப்பியவை. தினமும் காலைக் கூட்டம் கட்டாயம், பள்ளி முழுவதும் அதில் கூட வேண்டும், தேசிய கீதம் பாடியபின் எல்லோரும் ஒரே குரலில் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். இவற்றோடு கேரளக் கல்வி விதிகளில் மாணவர்களைத் தண்டிக்கும் விதி ஒன்றும் இருந்தது. வேண்டுமென்றே கீழ்ப்படியாமல் இருப்பது, தேர்வில் முறைகேடு செய்வது, மற்ற மாணவர்களைக் கெடுக்கும்படி நடப்பது போன்றவற்றுக்குக் கண்டிக்கவும், இடைநீக்கம் செய்யவும், பள்ளியைவிட்டு நீக்கவும் அது இடம் தந்தது.

நாடு முழுவதற்குமான சட்டம் 1971-இன் தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டம். அதன் 3-ஆம் பிரிவு, தேசிய கீதம் பாடுவதை வேண்டுமென்றே தடுப்பவரையும், பாடுகிற கூட்டத்தில் குழப்பம் விளைவிப்பவரையும் தண்டிக்கிறது. 3 ஆண்டு வரை சிறை. பாடாமல் இருப்பவரைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை.

உறுப்பு 51அ-வும் இருந்தது. 1976-இல் 42-ஆம் திருத்தம் சேர்த்த அடிப்படைக் கடமைகளில் முதலாவதே தேசியக் கொடியையும் தேசிய கீதத்தையும் மதிக்கச் சொல்கிறது. மதிக்கச் சொல்கிறதே தவிர பாடச் சொல்லவில்லை. இந்த வேறுபாட்டைத்தான் அந்தப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்காகத் தினமும் காலையில் நின்று காட்டிக்கொண்டிருந்தார்கள்.

உயர் நீதிமன்றம்: தவறிய கேள்வி

பள்ளிக்குப் போகவிடாமல் அதிகாரிகள் தடுப்பதை நிறுத்த வேண்டும் என்று பிள்ளைகள் கேரள உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனு போட்டார்கள். முதலில் தனி நீதிபதி மறுத்தார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வும் மறுத்தது.

அவர்கள் மறுத்த விதம் கவனிக்க வேண்டியது. தேசிய கீதத்தின் ஒவ்வொரு சொல்லையும் எடுத்து வைத்து, இதில் எந்த மதத்தவர் மனத்தையாவது புண்படுத்தும் சொல்லோ எண்ணமோ இருக்கிறதா என்று உயர் நீதிமன்றம் ஆராய்ந்தது. இல்லை என்று கண்டது. ஆகவே பிள்ளைகளின் மறுப்புக்கு அடிப்படை இல்லை என்று முடித்தது.

ஆராய்ச்சியில் பிழை இல்லை. பிள்ளைகளும் அந்தப் பாட்டில் குறை சொல்லவே இல்லை. அவர்கள் எழுப்பாத ஆட்சேபத்துக்குத்தான் அங்கே பதில் கிடைத்தது. குடிமகன் ஒருவன் "இதை என்னால் செய்ய முடியாது" என்று சொல்லும்போது, "அதில் தப்பாக என்ன இருக்கிறது?" என்று கேட்பது நம் எல்லோருக்கும் இயல்பாக வரும். வீட்டில் கேட்கலாம், தெருவில் கேட்கலாம். உரிமை வழக்கில் நீதிமன்றம் கேட்க வேண்டியது வேறு: "செய்தே ஆக வேண்டும் என்று சொல்ல அரசுக்கு என்ன அதிகாரம்?" முதல் கேள்வி குடிமகனைக் கூண்டில் நிறுத்துகிறது. இரண்டாவது கேள்வியில் பதில் சொல்லும் பொறுப்பு அரசின் தலைக்குப் போகிறது. இந்த வழக்கு முழுவதும் அந்த இடமாற்றத்தைச் சுற்றித்தான் சுழல்கிறது.

உச்ச நீதிமன்றம்: 1986 ஆகஸ்ட் 11

உறுப்பு 136-இன்கீழ் சிறப்பு அனுமதி பெற்று வழக்கு டெல்லிக்குப் போனது. நீதிபதிகள் ஓ. சின்னப்ப ரெட்டியும் எம்.எம். தத்தும் கேட்டார்கள். உயர் நீதிமன்றம் தடம் விலகிப் போய்விட்டது என்று தீர்ப்பு வெளிப்படையாகவே சொல்கிறது.

நீதிமன்றம் போன வழி எளிமையானது. தேசிய கீதத்தை ஒருவர் பாடியே தீர வேண்டும் என்று சொல்லும் சட்டம் இருக்கிறதா? 1971 சட்டத்தைப் பார்த்தது. மரியாதையாக எழுந்து நின்று பாடாமல் இருப்பவர் பாடுவதைத் தடுக்கவும் இல்லை, குழப்பம் செய்யவும் இல்லை. ஆகவே குற்றம் இல்லை. கீதம் பாடும்போது எழுந்து நிற்பதே உரிய மரியாதை. கூடச் சேர்ந்து பாடாததால் மரியாதைக் குறைவு ஆகிவிடாது என்றும் சொன்னது.

அடுத்து உறுப்பு 19(1)(அ). பேச்சுரிமை, கருத்துரிமை. வலுக்கட்டாயமாக வாயைத் திறக்க வைப்பதும் வலுக்கட்டாயமாக வாயை மூட வைப்பதும் ஒரே உரிமையின் மேல் விழும் அடிகள்தாம். பேசும் உரிமைக்குள் பேசாதிருக்கும் உரிமையும் அடங்கியிருக்கிறது. அந்த உரிமைக்கு எல்லை இல்லையா என்றால், உண்டு. உறுப்பு 19(2) எல்லைகளை வரிசைப்படுத்துகிறது: நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு என்று. ஆனால் அந்த எல்லையை "சட்டம்" வழியாகத்தான் போட முடியும்.

சுற்றறிக்கை சட்டமா? சட்டம் படித்தவர்கள் உடனே உறுப்பு 13-ஐ எடுத்துக் காட்டுவார்கள். அங்கே "சட்டம்" என்ற சொல்லுக்குள் ஆணை, விதி, அறிவிக்கை எல்லாம் அடங்கும் என்று இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் சட்டத்தின் வலு உள்ள ஆணையும் விதியும்தான் அங்கே சொல்லப்படுகின்றன. துறைத் தலைவர் தன் அலுவலர்களுக்கு எழுதும் அறிவுரைக்கு அந்த வலு கிடையாது. உத்தரப் பிரதேசத்தில் போலீசார் ஒருவரின் வீட்டை இரவுகளில் கண்காணித்த வழக்கில், போலீஸ் துறையின் உள் ஒழுங்குமுறைகள் குடிமகனின் உரிமையைக் குறைக்கும் சட்டமாகாது என்று 1962-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதே அளவுகோலைத்தான் இங்கே பள்ளிக் கல்வித் துறைக்கு வைத்தார்கள். இரண்டு சுற்றறிக்கைகளும் எந்தச் சட்டத்தின் அதிகாரத்தின்கீழும் வெளியிடப்பட்டவை அல்ல. அவற்றைக் கொண்டு பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த முடியாது.

மூன்றாவதாக உறுப்பு 25(1), மனச்சாட்சிச் சுதந்திரம். எந்த மதப் புத்தகத்தில் இப்படி எழுதியிருக்கிறது, அந்த நம்பிக்கை அறிவுக்குப் பொருந்துகிறதா என்ற ஆராய்ச்சிக்குள் நீதிமன்றம் இறங்கவில்லை. ஒரு சமூகம் ஒன்றை நம்புகிறது என்று நிரூபிக்கப்பட்டால், மதச்சார்பற்ற நீதிபதி அதை ஏற்றாக வேண்டும், அதன்மேல் தீர்ப்பெழுத உட்காரக் கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி தாவர் ஒரு பார்சி வழக்கில் சொன்னதை எடுத்துக் காட்டினார்கள். நம்பிக்கை உண்மையானதா, மனமாரப் பற்றியிருப்பதா என்பதே சோதனை. அந்த நம்பிக்கை நமக்கு வியப்பாக இருக்கலாம், பிடிக்காமலும் இருக்கலாம். அது கணக்கில் வராது. அக்காமார் காலத்திலிருந்து ஒரே மாதிரி நின்ற பிள்ளைகளின் உண்மையை யாரும் சந்தேகிக்கவில்லை.

அமெரிக்க அனுபவத்தையும் நீதிபதிகள் பார்த்தார்கள். பள்ளியில் கொடி வணக்கம் செய்ய மறுத்த இதே மதப் பிரிவுப் பிள்ளைகளுக்கு எதிராக 1940-இல் அங்கே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூன்றே ஆண்டில், 1943-இல், உலகப் போர் உச்சத்தில் இருந்தபோதே, அந்தத் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. போர்க்காலத்தில் ஒரு நாடு தன் பிள்ளைகளின் மௌனத்தைப் பொறுத்துக்கொண்டது எனக்கு இன்றும் ஆறுதலான செய்தி.

ஒரு மிகச் சிறிய சிறுபான்மைகூட நாட்டின் அரசமைப்பின்கீழ் தன் அடையாளத்தோடு இருக்க முடிவதே உண்மையான ஜனநாயகத்துக்குச் சோதனை என்று தீர்ப்பு கூறியது. உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்கவும், தடையின்றிப் படிக்க விடவும், அதற்கு வேண்டிய வசதிகளைச் செய்து கொடுக்கவும் உத்தரவிட்டது. கடைசி வரிகள் பலருக்கும் தெரிந்தவை: "நமது மரபு சகிப்புத்தன்மையைக் கற்பிக்கிறது, நமது தத்துவம் சகிப்புத்தன்மையைப் போதிக்கிறது, நமது அரசமைப்பு சகிப்புத்தன்மையைக் கடைப்பிடிக்கிறது, அதை நாம் நீர்த்துப்போகச் செய்ய வேண்டாம்."

அதன் பின்

தீர்ப்பு இன்றும் நிற்கிறது. ஆனால் அந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வேறு உடையில் வருகிறது.

திரையரங்குகளில் படத்துக்கு முன் தேசிய கீதம் இசைக்க வேண்டும், அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என்று 2016 நவம்பர் 30-இல் உச்ச நீதிமன்றமே இடைக்கால உத்தரவு போட்டது. 2018 ஜனவரி 9-இல் அதை மாற்றி, திரையரங்குகளில் இசைப்பது கட்டாயமில்லை என்றது.

கர்நாடக ஹிஜாப் வழக்கில் 2022 மார்ச்சில் உயர் நீதிமன்றம், ஹிஜாப் இஸ்லாத்தின் இன்றியமையாத வழக்கமா என்ற கேள்விக்குள் போய், இல்லை என்றது. அதே ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்டுத் தீர்ப்பளித்தார்கள். மாணவியர் பக்கம் தீர்ப்பெழுதிய நீதிபதி சுதான்ஷு தூலியா 1986 தீர்ப்பைத்தான் பற்றிக்கொண்டார். நம்பிக்கை உண்மையானதா என்று கேட்பதா, அது மதத்துக்கு இன்றியமையாததா என்று கேட்பதா என்பதில் நாடு இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

நம் ஊரிலும் ஒரு கிளை உண்டு. தமிழ்த்தாய் வாழ்த்து பாடும்போது எழுந்து நிற்க வேண்டும் என்று சட்டமோ நிர்வாக ஆணையோ இல்லை என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரு வழக்கில் கூறியது. இரண்டு வாரத்துக்குள், டிசம்பர் 17 அன்று, அதை மாநிலப் பாடலாக அறிவித்து, மாற்றுத்திறனாளிகள் தவிர அனைவரும் எழுந்து நிற்க வேண்டும் என்று தமிழக அரசு அரசாணை வெளியிட்டது. அந்தப் பாட்டுக்கு எழுந்து நிற்காமல் என்னால் இருக்க முடியாது. ஆனால் நிற்காத ஒருவர்மேல் நடவடிக்கை என்று நாளை ஒரு கோப்பு வந்தால், 1986-இன் கேள்வியைத்தான் கேட்டாக வேண்டும்: அரசாணை நிர்வாக உத்தரவு, சட்டமன்றம் இயற்றிய சட்டமல்ல, அதை மட்டும் வைத்து எதுவரை போகலாம்?

எது வேறாக நடந்திருக்கலாம்

துணை ஆய்வாளரின் அறிவுறுத்தல் வந்த அன்றே, "எந்த விதியின்கீழ் என்று எழுத்தில் தாருங்கள்" என்று பள்ளி கேட்டிருக்கலாம். இது எதிர்ப்பு அல்ல, எந்த அலுவலரும் மரியாதையோடு கேட்கக்கூடிய ஒன்று. தண்டனை விதியைத்தான் காட்டியிருப்பார்கள். அப்போது, மரியாதையாக நின்ற பிள்ளை செய்தது கீழ்ப்படியாமையா, தேர்வு முறைகேடா, மற்றவர்களைக் கெடுத்ததா என்று யாராவது ஒருவர் எழுத்தில் பதில் சொல்ல நேர்ந்திருக்கும். கையில் விசாரணைக் குழுவின் அறிக்கை வேறு இருந்தது.

பெற்றோரைப் பொறுத்தவரை, தந்தை முதலில் பள்ளியிடம் மன்றாடியது இயல்பு. இன்று இப்படியொரு குடும்பம் வந்தால் நான் சொல்வது: மன்றாடுங்கள், ஆனால் எழுத்தில் மன்றாடுங்கள். நீக்கிய உத்தரவின் நகலைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது; அன்று அது இல்லை. உறுப்பு 226-இன்கீழ் உயர் நீதிமன்றம் போவதற்குப் பணம் தடையானால் இலவச சட்ட உதவி கேளுங்கள். பெண்களும் குழந்தைகளும் வருமான வரம்பு பார்க்காமல் அதைப் பெறத் தகுதியுடையவர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987, பிரிவு 12 அப்படித்தான் சொல்கிறது. 6 முதல் 14 வயது வரை உள்ள பிள்ளையானால் 2009-இன் கல்வி உரிமைச் சட்டமும் துணைக்கு வரும். தொடக்கக் கல்வி முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்கிறது அதன் 16-ஆம் பிரிவு. அந்த வீட்டின் 5-ஆம் வகுப்புப் பெண்ணை இன்று யாரும் அப்படி வெளியே அனுப்ப முடியாது.

நீதிமன்றங்களிடம் எனக்கு உள்ள குறை காலத்தைப் பற்றியது. படிப்பு சம்பந்தப்பட்ட வழக்கில், இறுதித் தீர்ப்பு வரும்வரை பிள்ளை வகுப்பில் இருக்கலாம் என்ற இடைக்கால உத்தரவுதான் உண்மையான நிவாரணம். 1985 ஜூலை 26-க்கும் 1986 ஆகஸ்ட் 11-க்கும் நடுவே ஒரு கல்வியாண்டு தொடங்கி, முடிந்து, அடுத்தது தொடங்கியும்விட்டது. அண்ணன் அப்போது 10-ஆம் வகுப்பு. மார்ச் மாதப் பொதுத் தேர்வு அந்த இடைவெளிக்குள் வந்து போனது. திரும்பச் சேர்க்கச் சொன்ன உத்தரவில் வசதிகள் செய்து கொடுக்கச் சொன்ன வரி இருக்கிறது. போன அந்த ஓராண்டுக்கு என்று எதுவும் இல்லை.